கண்மாய் எல்லைத் தரவு எங்கே கிடைக்கும்? தேடித் தேடிச் சலித்துவிட்டது

#1 ஊருணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகச் சிவகங்கை மாவட்டத்தில் திருப்புவனம், மானாமதுரை, இளையான்குடி பக்கம் உள்ள அறுபது கண்மாய்களை எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் நீர்ப்பரப்பு எல்லை, ஊர் எல்லை, நில உயரம் மூன்றும் வேண்டும். வழிகாட்டி, "எல்லாம் நெட்டில் இருக்கும், எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். பத்து நாளாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தமிழில் "கண்மாய் ஷேப்ஃபைல்" (எல்லைக்கோடுகளும் விவரங்களும் உள்ள வரைபடக் கோப்பு) என்று தேடினால் குடிமராமத்துச் செய்திகள் வருகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் பணம் கேட்கும் தளங்கள். ஒரு கோப்பு கிடைத்தது, திறந்தால் ஊர்ப்பெயர் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. இன்னொன்றில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம்தான் இருக்கிறது. ஒரு கண்மாயின் பரப்பைக் கணக்கிட்டால் 0.00004 என்று வருகிறது. அது ஏக்கரா, ஹெக்டேரா ஒன்றும் புரியவில்லை. நேற்று மானாமதுரையை ஒரு புள்ளியாகப் போட்டேன், அது கடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கே, எப்படித் தேடுவது என்று யாராவது சொல்லுங்களேன்.

#2 வெட்டிவேலை

கூகுள் மேப்பைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிவிடுங்கள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பட்டம் வாங்கினோம்.

#3 பிக்சல்காரன்

வெட்டி, சும்மா இருங்கள்.

ஊருணிக்கரை, சின்னச் சிக்கல்களை முதலில் முடித்துவிடுவோம்.

கடல்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. மானாமதுரை வடக்கே 9.7, கிழக்கே 78.46. மாற்றிப் போட்டால் வடக்கே 78.46, கிழக்கே 9.7. அது நார்வேக்கு மேலே ஸ்வால்பார் தீவுக்கு மேற்கே உள்ள கடல். நல்ல குளிராக இருந்திருக்கும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, ஒய் என்றால் அட்சரேகை. எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்ததுதான், வெட்கப்பட வேண்டாம்.

0.00004: அது சதுர டிகிரி. உங்கள் கோப்பு டபிள்யூஜிஎஸ் 84 என்ற, டிகிரியில் அளக்கும் முறையில் இருக்கிறது. அதன் குறியீட்டு எண் இ.பி.எஸ்.ஜி. 4326. நம் பக்கத்தில் ஒரு சதுர டிகிரி ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 48 ஹெக்டேர், 120 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இப்படிப் பெருக்கிக்கொண்டிருக்காதீர்கள். லேயரை (வரைபட அடுக்கை) மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலம், இ.பி.எஸ்.ஜி. 32644-க்கு மாற்றிச் சேமித்தால் சதுர மீட்டரிலேயே வரும். உங்கள் மூன்று ஊரும் 78 டிகிரிக்குக் கிழக்கே இருப்பதால் 44 சரி. கோயம்புத்தூர்க்காரர்கள் 43 போட வேண்டும். பாவம் திண்டுக்கல்காரர்கள், இரண்டு மண்டலத்தையும் பிரிக்கும் கோடு அவர்கள் ஊரை ஒட்டியே போகிறது.

கேள்விக்குறி: ஷேப்ஃபைலின் பழைய நோய். பெயர்கள் உட்காரும் டிபிஎஃப் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. எந்த எழுத்துமுறை என்று சொல்லும் சிபிஜி என்ற குட்டிக் கோப்பு கூட வரவேண்டும். அது வராவிட்டால் லேயரின் பண்புகளில் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 (யூனிகோடு) என்று மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் தமிழ் வந்துவிடும். சேமிக்கும்போதே கேள்விக்குறியாகிப் போயிருந்தால் வராது, போனது போனதுதான். இனிமேல் நீங்கள் சேமிப்பதை ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவில் சேமியுங்கள். ஷேப்ஃபைலில் பத்தி தலைப்புக்குப் பத்து ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். தமிழில் தலைப்பு வைத்தால், ஓர் எழுத்தே மூன்று இடம் பிடிப்பதால், மூன்று எழுத்தோடு வெட்டிவிடும்.

#4 தரவுத்தேனீ

பிக்சல் தம்பி சிக்கல்களை அவிழ்த்துவிட்டார். நான் தேடலைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலையே இதுதான், யாராவது ஒருவர் தினமும் வந்து "அக்கா, அந்த மேப் எங்கே இருக்கும்" என்று கேட்பார்.

நீங்கள் பொருளைத் தேடுகிறீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை. அதை யார் வைத்திருப்பார்கள், அவர்கள் ஏட்டில் அதற்கு என்ன பெயர் என்று யோசித்துவிட்டுத் தேடல் பெட்டிக்குப் போங்கள்.

உங்கள் விஷயத்திலேயே பாருங்கள். நீங்கள் "கண்மாய்" என்கிறீர்கள். ஆங்கில ஆவணத்தில் அது "டேங்க்". எழுத்துப்பெயர்ப்பில் கண்மாய், கண்மோய் என்று இரண்டு மூன்று விதமாக வரும். செங்கல்பட்டுப் பக்கம் அதே பொருள் ஏரி, நெல்லையில் குளம். உங்கள் மாவட்டத்திலேயே ஊருணி, ஏந்தல் என்று முடியும் பெயர்கள் வேறு. சர்வதேசத் தரவுத்தளத்தில் இது எதுவும் கிடையாது, "வாட்டர் பாடி", "ரிசர்வாயர்" என்றுதான் இருக்கும்.

அடுத்து, யார் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியம். அதனால் உங்கள் அறுபதும் ஒரே பட்டியலில் இருக்காது. துறைப் பட்டியலில் சின்னக் கண்மாய் இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வேறு அலுவலக அலமாரியில் இருக்கிறது.

மூன்றாவது, ஊர்ப்பெயர். இது பெரிய கூத்து. "திருப்பத்தூர்" என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் சிவகங்கை மாவட்டத்து வட்டமும் வரும், 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டமும் வரும். சிவகங்கையே 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது, 1997 வரை அதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர். ஆகவே பழைய அறிக்கையைத் தேடும்போது சிவகங்கை என்று போட்டால் ஒன்றும் வராது. "ராம்நாட்" என்று போடுங்கள். 2020-இல் அரசே ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்தை நம்பித் தேடுபவர் நிலை அவ்வளவுதான்.

அதனால் நான் பெரும்பாலும் பெயரைப் போடவே மாட்டேன், பெட்டியைப் போடுவேன். நல்ல தரவுப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் வரைபடத்தின் மேல் ஒரு செவ்வகம் இழுத்துத் தேடும் வசதி இருக்கும். மேற்கே 78.2, கிழக்கே 78.8, தெற்கே 9.5, வடக்கே 9.95. உங்கள் மூன்று ஊரும் இதற்குள் அடங்கிவிடும். இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்கள். எழுத்துப்பிழை, பெயர் மாற்றம் எதுவும் இந்த நாலு எண்ணைத் தொடாது.

#5 ஊருணிக்கரை

அக்கா, ஒட்டிவிட்டேன். மாவட்டம் 32 என்று வந்தது ஏன் என்றும் இப்போது புரிகிறது. அது பழைய கோப்பு, இல்லையா?

#6 தரவுத்தேனீ

ஆமாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எல்லை. அப்போது 32. 2019-இல் ஐந்து, 2020-இல் மயிலாடுதுறை சேர்ந்து 38. ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கணக்கெடுப்பு எண்களோடு சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் 2011 எண்ணுக்கு 2011 எல்லைதான் பொருந்தும். 38 மாவட்டக் கோப்பின் மேல் 32 மாவட்ட எண்ணை ஒட்டிய ஆய்வேடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், தென்காசியில் மனிதர்களே இல்லை.

கோப்பை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதனோடு வரும் விவரக்குறிப்பு, அதாவது மெட்டாடேட்டா. எந்த ஆண்டு, எந்த அளவு, யார் செய்தது, எந்த உரிமம். இந்த நாலும் இல்லாத கோப்பு, முகவரி இல்லாத தந்தி மாதிரி.

#7 வெட்டிவேலை

அக்கா, இன்னும் தந்தியா? தந்தி ஆபீஸை மூடியே 2013 ஆகிவிட்டது.

#8 சங்கிலி66

வணக்கம். நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி அதிகம் தெரியாது, மகள் தட்டச்சு செய்கிறாள்.

ஊருணிக்கரை அம்மா, நீங்கள் செயற்கைக்கோளில் தேடுவது சரி. ஆனால் கண்மாயின் உண்மையான எல்லை வானத்தில் இல்லை, அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில் இருக்கிறது. கண்மாய் அரசுப் புறம்போக்கு. அதற்குப் புல எண் உண்டு, பரப்பு உண்டு. தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண் போட்டால் அ-பதிவேட்டு விவரம் பார்க்கலாம். தண்ணீர் நிற்கும் இடம் வருடத்துக்கு வருடம் மாறும். புறம்போக்கு எல்லை மாறாது, மாறக் கூடாது.

எங்கள் காலத்தில் கிராமப் படம் துணி ஒட்டிய தாளில், ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருக்கும். அதில் அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது. மூன்று ஊர் எல்லை கூடும் இடத்தில் கல் நட்டிருப்போம். அந்தக் கல்லை ஜிபிஎஸ்ஸில் பிடித்தால் படத்தைப் பூமியோடு சேர்த்துவிடலாம். கல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

#9 பிக்சல்காரன்

ஐயா சொல்வது மிகச் சரி. ஆய்வேட்டில் இரண்டையும் வைக்கலாம், பதிவேட்டு எல்லை ஒன்று, நீர் நின்ற பரப்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் அத்தியாயம்.

நீர்ப்பரப்புக்கு மூன்று இடம் பார்க்கலாம்.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இலவச உலக வரைபடம். அதிலிருந்து தரவை எடுத்துத் தரும் ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்துக்குப் போய், அக்கா சொன்ன பெட்டியை இழுத்து, "நேச்சுரல்=வாட்டர்" என்று கேளுங்கள். பழைய பதிவுகள் "லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்" என்றும் இருக்கும், அதையும் தனியாகக் கேளுங்கள். ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் நேரே க்யூஜிஐஎஸ்ஸில் இழுத்துப் போட்டுவிடலாம். மாநிலம் முழுக்க வேண்டுமென்றால் ஜியோஃபாப்ரிக் தளத்தில் தென்னிந்தியப் பொட்டலம் தனியாக இருக்கிறது. வரைந்தவர்கள் தன்னார்வலர்கள். ஓர் ஊரில் வரப்புவரை இருக்கும், பக்கத்து ஊரில் கண்மாயே இருக்காது. "இல்லை" என்றால் "வரையவில்லை" என்று படியுங்கள்.

அடுத்து ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்ட குளோபல் சர்ஃபேஸ் வாட்டர். 1984 முதல் 2021 வரையிலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் எந்த இடத்தில் எத்தனை தடவை தண்ணீர் தெரிந்தது என்று கணக்குப் போட்ட அடுக்கு. உங்களுக்கு அல்வா மாதிரி. ஒரே ஒரு எச்சரிக்கை. அதன் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர், நம் கணக்கில் 22 சென்ட். ஊருணி எல்லாம் அதில் நாலைந்து புள்ளியாகத்தான் தெரியும்.

மூன்றாவது நீங்களே பார்ப்பது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். கோப்பர்னிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம். (பழைய பாடக்குறிப்புகளில் வேறு முகவரி இருக்கும், அந்தத் தளம் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டது.) தேதியைப் பார்த்து எடுங்கள். மே மாதப் படத்தை எடுத்துவிட்டு "கண்மாய் காணவில்லை" என்று எழுதாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசி, ஜனவரிதான் உங்கள் மாதம். பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் வைத்து என்டிடபிள்யூஐ (நீரைக் காட்டும் குறியீடு) போட்டால் தண்ணீர் தனியாக வந்துவிடும்.

ஆனால் சீமைக்கருவேலம் அடைந்த கண்மாயில் இந்த வித்தை பலிக்காது. மரத்தடியில் தண்ணீர் நின்றாலும் மேலிருந்து பார்த்தால் காடுதான்.

#10 மேகமூட்டம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஹைட்ரோலேக்ஸ் என்று ஒரு தரவு இருக்கிறதே, 14 லட்சம் ஏரிகள், உலகம் முழுக்க. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#11 பிக்சல்காரன்

அதில் 10 ஹெக்டேருக்குக் குறைந்தது சேராது. 10 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 25 ஏக்கர். வீராணத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சரி. இளையான்குடிப் பக்கத்துச் சின்னக் கண்மாயைக் கேட்டால் கையை விரிக்கும். எந்தத் தரவிலும் "குறைந்தபட்ச அளவு என்ன" என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் டவுன்லோடு பொத்தானைத் தொட வேண்டும். நான் படிக்காமல் தொட்டு ஒரு மாதம் போனது.

#12 வடமராட்சியான்

வணக்கம் உறவுகளே. இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கள் பக்கத்திலும் இதே பிரச்சினைதான், ஆனால் ஒரு விடயம் கொஞ்சம் இலகு. இலங்கையின் நிர்வாக எல்லைகள் கிராம அலுவலர் பிரிவு வரைக்கும் ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் எச்டிஎக்ஸ் தளத்தில் கிடைக்கும். நாடு முழுவதும் 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு எண் இருக்கிறபடியால் பெயரை எப்படி எழுதினாலும் பிழைக்காது.

எங்களுக்குத் தலையிடி தருவது ஆள்கூறுகள், அதாவது படத்தில் இடத்தைக் குறிக்கும் எண்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள் ஒரு கட்டமைப்பில், 1999-க்குப் பிந்தியவை இன்னொன்றில். பழையதில் தொடக்க எண் 200000, புதியதில் 500000. எண்ணைப் பார்த்தவுடனேயே எது எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஊருணிக்கரை, உங்கள் பக்கத்துப் பழைய தாள்களிலும் இப்படி ஏதும் உண்டோ?

#13 தரவுத்தேனீ

உண்டு, வடமராட்சி அண்ணா. இந்திய அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி அளவில் இருக்கும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84. பழையதை அப்படியே புதியதன் மேல் போட்டால் கண்மாய் கரையைத் தாண்டிப் போய் நிற்கும். ஊருணிக்கரைக்குத் தேவையானது 1:50,000 திறந்த வரிசை. அத்துறையின் இணையத் தளத்தில் பதிவு செய்து பிடிஎஃப்பாக எடுக்கலாம். அது படம்தான், தரவு இல்லை. மேலே வைத்து வரைய வேண்டும்.

இந்தப் "படம் வேறு, தரவு வேறு" என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். புவன் தளத்தில் நிலப்பயன்பாடு 1:50,000 அளவில் இருக்கிறது, இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்துவது. அதை டபிள்யூஎம்எஸ் இணைப்பாக க்யூஜிஐஎஸ்ஸில் கொண்டுவரலாம். வரும். நீல நிறத்தில் கண்மாய் தெரியும். ஆனால் அது வெறும் படம், சொடுக்கினால் எல்லையாகக் கையில் வராது. டபிள்யூஎஃப்எஸ் என்ற இணைப்பு இருந்தால்தான் எல்லை வரும். ஒரு துறை "தரவு வெளியிட்டுவிட்டோம்" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சில வாசல்கள் தேடுபொறியில் வரவே வராது. பல அலுவலகங்கள் ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் சர்வரில் அடுக்குகளைப் போட்டு, மேலே அழகான ஒரு வரைபடப் பக்கத்தை மாட்டியிருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, பிரவுசரில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கொண்டே வரைபடத்தை நகர்த்துங்கள். எந்த முகவரியிலிருந்து எடுக்கிறது என்று தெரியும். "ரெஸ்ட் சர்வீசஸ்" என்று நடுவில் இருந்தால், பொதுவில் திறந்துவிட்டிருக்கும் பட்சத்தில் அதையே க்யூஜிஐஎஸ்ஸில் கொடுக்கலாம். கடவுச்சொல் கேட்டால் மரியாதையாகத் திரும்பி வந்துவிடுங்கள்.

கூகுளிலும் ஒரு சின்ன வித்தை. சாதாரணத் தேடலில் "ஃபைல்டைப்" என்று போட்டுப் புள்ளியிரட்டை வைத்துக் கேஎம்எல் அல்லது கேஎம்இசட் (கூகுள் எர்த் கோப்பு வகைகள்) சேர்த்துத் தேடுங்கள். யாரோ ஒரு பொறியாளர் திட்ட அறிக்கைக்காகப் போட்ட கோப்பு அகப்படும். தரவுகளுக்கென்றே கூகுளின் டேட்டாசெட் சர்ச் தனியாக இருக்கிறது, 2018-இலிருந்து. ஆனால் தரவை வெளியிடுபவர் பக்கத்தில் அதற்கான குறிகளை எழுதியிருந்தால்தான் அதில் வரும். பல்கலைக்கழகத் தரவு நன்றாக வரும், நம் அலுவலகத் தரவு அபூர்வம்.

#14 மேகமூட்டம்

மத்திய அரசு நீர்நிலைக் கணக்கெடுப்பு நடத்தி 2023-இல் வெளியிட்டதே? 24 லட்சத்துக்கு மேல் நீர்நிலைகள்.

#15 தரவுத்தேனீ

இருக்கிறது, சரிபார்க்க உதவும். அது எண்ணிக்கைக் கணக்கு, எல்லைக் கோடு இல்லை. மேப்பில் தேடிக் கிடைக்காமல் அட்டவணையில் கிடைப்பதும் தரவுதான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

#16 ஊருணிக்கரை

உயரத் தரவு எஸ்ஆர்டிஎம் எடுத்துவிட்டேன், யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) நடத்தும் எர்த் எக்ஸ்ப்ளோரரில் கணக்குத் தொடங்கி. பெட்டி போட்டேன், ஒரே தேடலில் வந்தது. எனக்கே பெருமையாக இருக்கிறது. இதை வைத்துக் கண்மாய்க்கரை உயரத்தைக் கணக்கிடலாம் அல்லவா?

#17 பிக்சல்காரன்

கூடாது கூடாது. எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி எடுத்தது. முதலில், அது 25 வருடத்துக்கு முந்தைய பூமி. இரண்டாவது, மரம், கூரை எல்லாம் சேர்ந்த உயரம். மூன்றாவது, அதன் உயரத் துல்லியத்துக்கு வைத்த வரம்பே 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாகத்தான் இருக்கும், அதற்காக மூன்று மீட்டர் கரையை 30 மீட்டர் கட்டத்தில் தேடினால்? கரையின் அகலமே ஒரு மாட்டுவண்டி போகும் அளவு. அது கட்டத்துக்குள் கரைந்துபோயிருக்கும்.

தண்ணீர் பொதுவாக எந்தப் பக்கம் ஓடுகிறது, வைகையிலிருந்து எந்தக் கண்மாய் மேலே எது கீழே என்பதற்குப் பயன்படுத்துங்கள், போதும். அதற்கும்கூடக் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு மேல். 2011-க்கும் 2015-க்கும் இடையே எடுத்த ரேடார் படங்களிலிருந்து செய்தது. ஓப்பன்டோபோகிராஃபி தளத்தில் பெட்டி போட்டு எடுக்கலாம்.

#18 சங்கிலி66

கரை உயரம் வேண்டுமென்றால் டம்பி லெவலும் ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கல்லூரி சிவில் துறையில் கேளுங்கள், தூசி படிந்து கிடக்கும்.

#19 வெட்டிவேலை

ஐயாவுக்கு ஒரு லைக்.

நான் ஒரு உருப்படியான விஷயம் சொல்லட்டுமா? முன்பு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இதே வேலை பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் "ஆன்லைனில் இருக்கு சார்" என்றார்கள். ஆன்லைனில் "அலுவலகத்தை அணுகவும்" என்று இருந்தது. மூன்று தடவை இப்படிச் சுற்றியபின் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். "கண்மாய்களின் பட்டியல், புல எண், பரப்பு, ஆயக்கட்டு, மின்னணு வடிவில் இருந்தால் அப்படியே தரவும்" என்று ஒரே பத்தி. முப்பது நாளுக்குள் எக்ஸெல் கோப்பு குறுந்தகட்டில் வந்தது. அதைப் படிக்க டிரைவ் உள்ள கணினி தேடத்தான் இன்னொரு வாரம் ஆனது.

#20 தரவுத்தேனீ

வெட்டி, இதை முதல் பதிலாகப் போட்டிருக்கலாம் அல்லவா!

"மின்னணு வடிவில் இருந்தால் அப்படியே" என்ற வரிதான் முக்கியம். இல்லாவிட்டால் எக்ஸெலை அச்சிட்டு, முத்திரை குத்தி, நகலெடுத்து அனுப்புவார்கள்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை, பிறகு மறந்துவிடுவேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தினால் பெயர் குறிப்பிட வேண்டும், அதை வைத்துச் செய்த தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும். ஜிஏடிஎம் என்ற உலக நிர்வாக எல்லைத் தரவு கல்விக்கு இலவசம், வணிகத்துக்கு இல்லை. நேச்சுரல் எர்த் என்ற உலக வரைபடத் தரவு யாருக்கும் எதற்கும் இலவசம். கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக் கூடாது. அச்சில் இந்திய எல்லை முழுவதும் வருவதாக இருந்தால் வெளிநாட்டுக் கோப்பைப் போடாதீர்கள். காஷ்மீர் கோடு அவரவர் வசதிக்கு வரைந்திருப்பார்கள், இங்கே அது சட்டப் பிரச்சினை. இந்திய அளவைத் துறையின் எல்லையையே போடுங்கள்.

#21 மேகமூட்டம்

பழைய படம் வேண்டுமென்றால் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் அமெரிக்க ராணுவத்தின் 1:250,000 இந்தியத் தாள்கள் இருக்கின்றன, 1950-களைச் சேர்ந்தவை. மதுரை, ராமநாதபுரம் பக்கம் பார்த்தால் காகிதத்தில் அம்மை போட்டமாதிரி முழுக்கக் கண்மாய். ஆய்வேட்டு முன்னுரைக்கு அழகாக இருக்கும்.

#22 ஊருணிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்பாஸில் பெட்டி போட்டதில் என் அறுபதில் பாதிக்கு மேல் எல்லை கிடைத்தது. பெயர் இருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவு, அதிலும் தமிழ்ப் பெயர் இரண்டே இரண்டு. மீதியை ஜனவரி மாதச் சென்டினல் படத்தின் மேல் நானே வரைந்தேன். முதல் கண்மாய்க்கு ஒரு முழு மாலை ஆனது, கடைசிக்குப் பத்து நிமிடம். குளோபல் சர்ஃபேஸ் வாட்டரோடு ஒப்பிட்டபோது நாலு கண்மாயில் பாதிப் பரப்பு பொருந்தவே இல்லை. போய்ப் பார்த்தேன், பிக்சல் அண்ணா சொன்ன கருவேலம்தான். சுடிதார் கிழிந்ததுதான் மிச்சம்.

வெட்டி அண்ணா மாதிரி மனுப் போட்டிருக்கிறேன், இன்னும் பத்து நாள் பாக்கி. அதற்குள் சங்கிலி ஐயா சொன்னபடி அ-பதிவேட்டில் புல எண் புல எண்ணாகப் பார்த்தேன். பெயர் தெரியாதவற்றுக்கு ஊருக்கே போய்க் கேட்டேன். ஊர்க்காரர்கள் சொன்ன பெயரைத் தமிழிலேயே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிட்டேன், இதுவரை பதினேழு.

இளையான்குடிப் பக்கம் ஒரு இடத்தில் படத்தில் அடுத்தடுத்து இரண்டு கண்மாய், நடுவில் தார் ரோடு. இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்து வரைந்து வைத்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "இதுக்கு என்ன பேரு தாத்தா, அதுக்கு என்ன பேரு" என்று கேட்டேன். "எதும்மா அது? ரெண்டும் ஒண்ணுதான். ரோடு போட்டது நேத்து" என்றார். அவருடைய நேற்று எத்தனை வருடம் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அ-பதிவேட்டைப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் ஒரே புல எண்.

#23 சங்கிலி66

பெரியவர் சொன்னது சரி. பதிவேட்டை நம்புங்கள். ரோட்டுக்கு உட்பிரிவு செய்தார்களா என்று மட்டும் வட்ட அலுவலகத்தில் பாருங்கள்.

#24 ஊருணிக்கரை

பார்க்கிறேன் ஐயா. இப்போது என் அறுபது ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. "அறுபது" என்று தலைப்பிலேயே போட்டுப் பதிவு செய்தாயிற்று. வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது?

#25 வெட்டிவேலை

பெட்டியைக் கொஞ்சம் கிழக்கே இழுங்கள், இன்னொன்று மாட்டும்.